ப-ப-கோவுக்கு மதிப்பெண் இல்லை

கரக், கரக், பிறகு நீளமாக ஒரு கிரீச். மரக் கவராயத்தின் ஒரு காலில் ஆணி, மறு காலில் சாக்பீஸ். அதைக் கரும்பலகையில் சுற்றும்போது எழுகிற சத்தம். ஆணி பிடிமானம் இல்லாமல் வழுக்கும்போதுதான் அந்தக் கிரீச். வகுப்பே பல்லைக் கடித்துக்கொள்ளும். கவராயத்தைத் தொட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. தெருவில் ஆட்டோ பிரேக் போட்டால் இன்னும் எனக்கு அதுதான் கேட்கிறது.

கணக்கு டீச்சர் வேலையில் முதலில் போவது தொண்டை, பிறகு கண், பிறகு முழங்கால். கடைசிவரை போகாமல் கூடவே இருப்பது கோபம். சாக்பீஸ் தூளை விழுங்கியபடி ‘ஆகவே’ போட்டுப் போட்டுக் கை தேய்ந்த கணக்கு டீச்சர்களான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: ப என்றால் பக்கம், கோ என்றால் கோணம். இந்த இரண்டு எழுத்தை எந்த வரிசையில் எழுதுவது என்பதை வைத்து ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்யலாம். செய்தோம்.

ஆறில் மூன்று

மாவட்டம் பிரிந்து, ஊரெல்லாம் புதுப் பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டிருந்த சமயம். எங்கள் பெண்கள் பள்ளிக்கு மட்டும் புதிதாக எதுவும் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பு அதே ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில்தான் நடந்தது. பழைய காலண்டர் அட்டையில் இரண்டு முக்கோணங்கள் வெட்டி எடுத்துப் போய், ஒன்றின் மேல் ஒன்றை வைத்துக் காட்டினேன். இம்மியும் பிசகாமல் பொருந்தினால் அவை சர்வசமம். ஆனால் உலகத்தில் இருக்கிற முக்கோணங்களை எல்லாம் வெட்டி வைத்துப் பார்க்க முடியாது. முக்கோணத்துக்கு மூன்று பக்கம், மூன்று கோணம், ஆக ஆறு உறுப்பு. அதில் சரியான மூன்று சமம் என்று தெரிந்தால் போதும். மீதி மூன்றும் சமமாக இருந்தே தீரும். எந்த மூன்று என்பதுதான் பாடம்.

மூன்றாவது பெஞ்சில் அஞ்சலை. அடி அண்ணாமலையிலிருந்து டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வருகிறவள். கேள்வி கேட்க எழுந்தால் பதில் வரும்வரை உட்கார மாட்டாள். அன்றைக்குக் கேள்வி கேட்கவில்லை, ஒரு முடிவைச் சொன்னாள்: “மூணு பாத்தா முழுசும் தெரிஞ்சிடும்னா பரவாயில்லயே டீச்சர். எங்க ஊர்ல மாப்பிள்ளைக்கு அதவிட கம்மியாதான் பாக்கறாங்க.”

பார்த்துச் சொல்லக் கூடாது

அந்த வருஷம் ஆய்வுக்கு வந்த அதிகாரி, நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, பலகையில் கைக்கு வந்தபடி இரண்டு முக்கோணங்கள் போட்டார். ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருந்தன. “இது ரெண்டும் சர்வசமமா?” என்று கேட்டார். வகுப்பு முழுக்க “ஆமா சார்” என்றது. அஞ்சலை மட்டும் எழுந்து, “தெரியாது சார்” என்றாள். பார்த்தால் தெரியவில்லையா என்றார். பார்த்துச் சொல்லக் கூடாது, அளவு கொடுத்தால்தான் சொல்ல முடியும் என்றாள்.

அந்தக் கொட்டகையில் அன்றைக்குச் சரியான பதில் அது ஒன்றுதான். அவர் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு, கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “இந்தப் பொண்ணுக்குப் பதிலும் தெரியல, அடக்கமும் தெரியல. ரெண்டையும் சொல்லிக் குடுங்க.”

எழுத்தை மாற்றியவள்

அவர்கள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் மாதத் தேர்வில் ஒரு சிறு மாற்றம் செய்தேன். புத்தகத்தில் இருந்த கணக்கேதான். ஏ, பி, சி என்று இருந்த முக்கோணத்துக்குக் கே, எல், எம் என்று பெயர் வைத்தேன், அவ்வளவுதான். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கத்தை வெள்ளையாக விட்டுவிட்டார்கள். ஒரு பெண் படத்தில் நான் போட்டிருந்த கே, எல், எம்மை அழித்துவிட்டு, ஏ, பி, சி என்று திருத்தி, புத்தகத்தில் இருந்ததை அப்படியே கொட்டியிருந்தாள். அஞ்சலை கே, எல், எம்மிலேயே எழுதிவிட்டுக் கீழே ‘பெயர் எதுவானாலும் இதுதான்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தாள்.

எங்கள் தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அந்த வெள்ளைத் தாள்கள். மனப்பாடம் செய்ததை எழுதுவது கணக்கு ஆகாது என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த வருஷத் தேர்ச்சி குறைந்தால் மேலிடத்தில் யார் போய் நிற்பது என்ற கவலை அவருக்கு. “புக்குல இருக்கற எழுத்தை மாத்தறதுக்கு நீங்க யாரு டீச்சர்?”

மாமன் வீட்டுக் கெடு

பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் பள்ளியில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். கிரிவலப் பாதையை ஒட்டிய ஊர்ப் பிள்ளைகள் ராத்திரி முழுக்க வீட்டுக்காரர்களோடு கடை போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு மறுநாளில் அஞ்சலையின் அம்மா தானே பள்ளிக்கு வந்தார். மல்லாட்டை பிடுங்கிய மண் நகத்தில் இருந்தது. மடியிலிருந்து பிடுங்கிய அந்த வேர்க்கடலையில் ஒரு பொட்டலம் எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். அவருடைய தம்பி கல்யாணத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறானாம். அஞ்சலைதான் பெண். அவளோ பாலிடெக்னிக்கில் சேர்ந்து படம் வரையப் படிக்கிறேன் என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

நான் பதினாறு வயசுப் பெண்ணுக்கு என்ன கல்யாணம் என்று சத்தம் போட்டேன். சட்டம் பேசினேன். பக்கத்து மேசை டீச்சர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. என் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, சந்தையில் விலை சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: “பாஸாயிட்டான்னா உங்க பொண்ணு, ஃபெயிலாயிட்டான்னா என் தம்பி பொண்டாட்டி. நடுவுல நின்னுக்கினு நான் ஒண்ணும் சொல்லலீங்க டீச்சரம்மா.”

இரண்டும் புளிமா

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பழைய பாடத்தைத் திருப்பினோம். முக்கோணங்கள் சர்வசமம் என்று சொல்ல நான்கு வழி. ப-ப-ப. ப-கோ-ப. கோ-ப-கோ. நான்காவது செங்கோண முக்கோணத்துக்கு மட்டும்: செங்கோணம், கர்ணம், பக்கம், சுருக்கமாகச் செ-க-ப. ப-கோ-பவில் அந்தக் கோ இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இருந்தாக வேண்டும். வெளியே தள்ளி ப-ப-கோ என்று எழுதினால் செல்லாது. பிள்ளைகள் இதைப் பாட்டாகவே கத்துவார்கள்.

தட்டிக்கு அந்தப் பக்கம் தமிழம்மாவின் வகுப்பு. நான் கல்லூரியில் கணக்குப் படித்தாலும், பக்கத்து அறையில் யாப்பு நடந்தால் காதை அங்கே கொடுத்துவிடுகிறவள். அன்றைக்கு எங்கள் கூச்சல் தாங்காமல் தமிழம்மா தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். வந்தவர் திட்டவில்லை. பலகையைப் பார்த்து விரலால் காற்றில் அசை பிரித்தார். பகோ நிரை, ப நேர். பப நிரை, கோ நேர். இரண்டும் புளிமா. இதில் ஒன்று செல்லும், ஒன்று செல்லாது என்று நான் சொன்னதும் அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்: “செய்யுள்ல ரெண்டுக்கும் ஒரே மரியாதைதான். உங்க கணக்கு டீச்சர் வீட்லதான் இவ்ளோ ஆசாரம் பாக்கறாங்க.”

பேர் மாற்றிக்கொண்ட பெண்

சிரித்து முடித்ததும் அஞ்சலை எழுந்தாள். ஏன் செல்லாது என்றாள். நான் கவராயத்தை எடுத்தேன். கிடையாக ஒரு கோடு. அதன் ஒரு முனையில் கோணம் வைத்துச் சாய்வாக ஒரு பக்கம். அந்தச் சாய்வின் உச்சியில் ஆணியை ஊன்றி, இரண்டாவது பக்கத்தின் அளவுக்கு விரித்து ஒரு வில் போட்டேன். வில் கிடைக்கோட்டை இரண்டு இடத்தில் வெட்டியது. ஆக, இரண்டு முக்கோணங்கள்: ஒன்று ஒல்லி, ஒன்று பருமன். இரண்டு பக்கம், ஒரு கோணம், மூன்று அளவும் அதேதான். ஆனால் முக்கோணம் வேறு. “ஆடு கட்டின கயிறு வரப்ப ரெண்டு இடத்துல தொடற மாதிரி” என்றாள். ஆமாம் என்றேன். உட்காரவில்லை. அந்தக் கோணம் செங்கோணமாக இருந்தால் என்ன ஆகும் என்றாள்.

போட்டுப் பார் என்று கவராயத்தை அவளிடம் கொடுத்தேன். கரக், கரக், கிரீச். பக்கம் செங்குத்தாக நின்றது; கோட்டை மறுபுறமும் நீட்டினாள். வில் கோட்டை இந்தப் பக்கம் ஒரு இடத்திலும் அந்தப் பக்கம் ஒரு இடத்திலும் வெட்டியது. இரண்டு முக்கோணங்கள் வந்தன. ஆனால் ஒன்றைத் திருப்பிப் போட்டால் இன்னொன்றின் மேல் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். வேறு முக்கோணம் வர இடமே இல்லை. ப-ப-கோ அங்கே செல்லும். அதற்குத்தான் செ-க-ப என்று தனிப் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். புத்தகத்தில் இந்தக் காரணம் இல்லை. நானும் அதுவரை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

மணி அடித்துவிட்டது. பரீட்சையில் செ-க-ப என்று மட்டும் எழுது, இதையெல்லாம் எழுதாதே என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, சிரித்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அஞ்சலை கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைப் பாவாடையில் தட்டியபடி இப்படிச் சொல்லியிருந்தாள்: “அப்ப செ-க-பன்றது ப-ப-கோ வீட்டுப் பொண்ணுதானா டீச்சர்? பேர மாத்திக்கினு நல்ல எடத்துல வாழுது.”

கணக்குப் பரீட்சை அன்று மத்தியானம்

கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியிலிருந்து வரையும் இரண்டு தொடுகோடுகள் சமம் என்று நிரூபி, ஐந்து மதிப்பெண். மையத்திலிருந்து ஆரங்களையும் அந்தப் புள்ளிக்கு ஒரு கோட்டையும் வரைந்தால் இரண்டு செங்கோண முக்கோணங்கள். செ-க-ப என்று மூன்று எழுத்துப் போட்டால் முடிந்தது. வேப்பமரத்தடியில் அஞ்சலை வந்து நின்றாள். அல்ஜிப்ராவில் இரண்டு கணக்கு விட்டுவிட்டேன், ஆனால் தொடுகோடு பிரமாதம் என்றாள். என்ன எழுதினாய் என்றேன். “ப-ப-கோன்னு போட்டேன். கீழ, ‘கோணம் செங்கோணம், ஆகவே வேறு முக்கோணம் வர இடமில்லை’ன்னு காரணம் எழுதினேன். கயிறு படம்கூட போட்டேன்.”

தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் தவறு இல்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை, ஏனென்றால் திருத்துகிறவர்களை எனக்குத் தெரியும். நான் அவர்களில் ஒருத்தி. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏன் டீச்சர் மூஞ்சி மாறுது? காரணம் கம்மியா இருக்குதா?”

முகாமில் ஒரு கேள்வி

சித்திரை வெயிலில் பக்கத்து மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் விடைத்தாள் திருத்தும் முகாம். அதில் பட்ட பாடு உங்களுக்கும் தெரியும்: ஆடுகிற மேசை, சுற்றாத மின்விசிறி, பானைத் தண்ணீருக்கு வரிசை. முதல் நாள் காலையில் விடைக்குறிப்பைப் படித்து விளக்குவார்கள். எங்கள் அறையின் முதன்மைத் தேர்வாளர் தொடுகோட்டுக்கு வந்ததும் குரலை உயர்த்தினார். செ-க-ப என்று இருந்தால்தான் மதிப்பெண். ப-ப-கோ என்று கண்ணில் பட்டால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், சைபர்.

நான் எழுந்தேன். வேப்பமரத்தடி என் கண்முன்னே இருந்தது. காரணத்தோடு எழுதியிருந்தால் அது சரியான நிரூபணம்தான், கோணம் செங்கோணமாக இருக்கும்போது ப-ப-கோ செல்லும், வேண்டுமானால் பலகையில் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். அறையில் கணக்குப் படித்தவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். சிலர் பேனாவுக்கு மை ஊற்ற ஆரம்பித்தார்கள். முதன்மைத் தேர்வாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்: “நீங்க கணக்கு சொல்லிக் குடுக்க வந்தீங்களா டீச்சர், பேப்பர் திருத்த வந்தீங்களா?” அறையே சிரித்தது. நான் உட்கார்ந்தேன்.

சிவப்பு மை

மூன்றாம் நாள் எனக்குக் கொடுத்த விடைத்தாள் கட்டுக்குள் அப்படி ஒரு தாள் வந்தது. எந்த ஊர், யார் என்று தெரியாதபடி எண்ணை மறைத்திருப்பார்கள். அஞ்சலையுடையது இல்லை. எங்கள் மாவட்டத்துத் தாள்கள் அந்த முகாமுக்கு வராது. கையெழுத்தும் வேறு, வலப்பக்கம் சாய்ந்த நுணுக்கி எழுத்து. தொடுகோட்டுக்குப் படம் போட்டு, ப-ப-கோ என்று எழுதி, கீழே: ‘செங்கோணம் ஆதலால் இரண்டாவது முக்கோணமும் இதுவே.’ எங்கோ ஓர் ஊரில், மணி அடித்த பிறகும் இன்னொரு டீச்சர் நின்று சிரித்திருக்கிறாள். நான் ஐந்து போட்டேன். பென்சிலால்.

பென்சிலால் போட்டேன் என்பதை நன்றாகக் கவனியுங்கள். நம்பிக்கை இருக்கிறவள் மையால் போடுவாள். சாயங்காலம் மாதிரித் தாள்களைப் புரட்டிக்கொண்டு வந்த முதன்மைத் தேர்வாளர் அந்தப் பக்கத்தில் நின்றார். இந்த முறை சத்தம் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் இருப்பது தனக்குத் தெரியும் என்கிற மாதிரி அன்பாகப் பேசினார்: “யாரோ ஒரு பையன், யாரோ ஒரு பொண்ணு. அதுக்காக நாம ரெண்டு பேரும் மெமோ வாங்கணுமா டீச்சர்?”

அழிரப்பரை நானே தேடி எடுத்தேன். சிவப்பு மையில் அந்த முட்டையை நானே போட்டேன். ஓரம் நன்றாகப் பொருந்தி மூடியது.

அதற்குப் படிவம் இல்லை

முடிவு வந்த மாலைப் பத்திரிகையில் அஞ்சலையின் எண் இல்லை. மதிப்பெண் பட்டியல் வந்தபோது மற்ற எல்லாவற்றிலும் நல்ல தேர்ச்சி; கணக்கில் முப்பத்திரண்டு. மூன்று மதிப்பெண் குறைவு. அந்த ஐந்து வந்திருந்தால் முப்பத்தேழு. எத்தனை தடவை கூட்டினாலும் அதுதான் வந்தது. மறுகூட்டலுக்கு எழுதிப் போட்டோம். கூட்டல் சரியாக உள்ளது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கூட்டலை யார் சந்தேகப்பட்டார்கள்? அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெயிலில் அலுவலகம் போனேன். தாளைக் காட்டுங்கள், ஒரே ஒரு பக்கம், அது சரியான விடை என்று நான் எழுதிக் கொடுக்கிறேன் என்று மேசையைத் தட்டினேன். எழுத்தர் நல்ல மனிதர். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: “கூட்டினது தப்புன்னா மாத்தலாங்க. திருத்தினவங்க தப்புன்னா அதுக்கு இங்க ஃபாரம் கிடையாது.”

திருத்தினவங்க என்று அவர் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை அழுகை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அது அழுகை இல்லை. அஞ்சலையின் தாள் போன முகாம், நான் இருந்த முகாம்; இரண்டு மேசை, இரண்டு சிவப்புப் பேனா. ஒன்றை எடுத்து ஒன்றின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இம்மியும் பிசகவில்லை.

சரியானதா, புரியறதா

ஆடி கடைசியில் செப்டம்பர் பரீட்சைக்கான ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். விண்ணப்பத்தை நானே எழுதி, அவளிடம் கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்பியிருந்தேன். வீட்டு வாசலில் பந்தக்கால் நடுவதற்குக் குழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா என்னைப் பார்த்ததும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்க டீச்சரம்மா” என்று பாய் போட்டார். கல்யாணம் ஆனாலும் பரீட்சை எழுத அனுப்புங்கள் என்றேன். அனுப்புகிறோம் என்றார். அந்தக் குரலில் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

அஞ்சலை உள்ளேயிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் முகாமில் செய்ததை அவளிடம் சொல்லத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் வரும்போது வாக்கியங்களைக்கூட அடுக்கிவைத்திருந்தேன். அவள் ஹால் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வகுப்பில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்: “அதே கேள்வி திரும்ப வந்தா என்னா எழுதட்டும் டீச்சர்? சரியானதையா, அவங்களுக்குப் புரியறதையா?”

செ-க-ப என்று எழுது என்றேன். மூன்று எழுத்து மட்டும் எழுது, காரணம் வேண்டாம் என்றேன். என் வாயால் சொன்னேன். அடுக்கிவைத்த வாக்கியங்களில் ஒன்றும் வெளியே வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அளவு கொடுக்காமலே அன்றைக்குக் கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். “விடுங்க டீச்சர், நீங்களும் பேர மாத்திக்கினீங்க.”

அடுத்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு சந்தன மாலை போட்டு ஓய்வும் கொடுத்தார்கள். இரண்டு முக்கோணங்கள் சர்வசமமா என்று கேட்டே வேலைக்காலத்தை ஓட்டிய எனக்கு, இரண்டு சைபர்கள் சர்வசமமா என்று ஒரே ஒரு தடவை கேள்வி வந்தது, அதற்கு மட்டும்தான் நான் பார்த்தே பதில் சொன்னேன்.

அஞ்சலை ஆவணியில் மாமனைக் கட்டிக்கொண்டாள்; செப்டம்பர் பரீட்சைக்குப் போகவில்லை; அடி அண்ணாமலையில் ஜாக்கெட் தைக்கிறாள்.